மேலு வலியும் மறந்த வாய்ப்பாடும்

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா முடிந்து ராட்டினங்களைக் கழற்றி லாரியில் ஏற்றிவிட்டால், தேனி அல்லிநகரத்தில் கோடை இறங்குமுகம் ஆகிவிட்டது என்று பொருள். மே மாதக் கடைசியில் கத்திரியும் கழிகிறது. மேற்கே மலையிலிருந்து காற்று இறங்கி, மொட்டை மாடியில் காயப்போட்ட துணியைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறது. அடுத்த சில வாரங்களில் தெருவே விட்ட இடத்துக்குத் திரும்புகிறது. பாட்டி ஊருக்குப் போன பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும், போலீஸ் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கும் பையன்கள் மைதானத்துக்கும், நடவுக்குப் போகும் பெண்கள் பழனிசெட்டிபட்டிப் பக்கத்து வயலுக்கும் போகிறார்கள்.

அந்த நாட்களில் காதில் விழும் பேச்செல்லாம் ஒரே ராகம்தான். "ரெண்டு மாச லீவுல படிச்ச அத்தனையும் மறந்துட்டு வந்து நிக்குது." "ரெண்டு ரவுண்டு ஓடுறதுக்குள்ள மூச்சு வாங்குதுண்ணே, எல்லாம் போச்சு." "மேலெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு மதினி, இடுப்பு நிமிரல."

எல்லாம் போய்விட்டது என்ற இந்தப் பயம் எவ்வளவு உண்மை? ஓய்வில் உடம்பு எதை இழக்கிறது, மனம் எதை இழக்கிறது? இழந்தது திரும்ப எத்தனை நாள் ஆகும்? திரும்பும் வழியில் ஆபத்து எங்கே இருக்கிறது? இந்தக் கேள்விகளுக்கு அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகெங்கும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவற்றில் மிக முக்கியமான ஒன்று நம் தமிழ்நாட்டுக் கிராமங்களிலேயே நடந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபின் எனக்குத் தெளிவான முடிவு இதுதான்: ஓய்வில் நாம் இழப்பது பயப்படும் அளவுக்கு இல்லை, இழந்ததும் முதலில் கற்றதைவிட விரைவாகத் திரும்புகிறது. சேதம் பெரும்பாலும் திரும்பி வந்த முதல் இரண்டு வாரத்து அவசரத்தில்தான் நேர்கிறது. அந்த இரண்டு வாரத்தை எப்படி நடத்துகிறோம் என்பதைப் பொறுத்தே மிச்ச வருடம் அமைகிறது.

ஓய்வு குற்றமில்லை

கோடை விடுப்பை வீண் என்று சொல்கிறவர்கள் வெயிலை மறந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2023-ஆம் ஆண்டு ஜூன் 7-இல் திறக்க வேண்டிய பள்ளிகள் வெப்பம் தணியாததால் 6 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு ஜூன் 12-க்கும், சின்ன வகுப்புகளுக்கு ஜூன் 14-க்கும் தள்ளிப்போயின. 2024-இலும் ஜூன் 6 என்று இருந்தது ஜூன் 10 ஆனது. சென்னை உயர் நீதிமன்றமும் அதன் மதுரைக் கிளையும்கூட மே மாதம் விடுமுறை எடுக்கின்றன. இது உடம்பு கேட்கும் ஓய்வு. நம் விவசாயி நிலத்துக்கும் இதே ஓய்வைக் கொடுக்கிறார். கோடை உழவு போட்டு மண்ணைப் புரட்டி வெயிலில் காயவிட்டால் களைக் கிழங்கும் கூட்டுப்புழுவும் சாகும், அடுத்த மழை ஆழமாக இறங்கும். காய்ந்து கிடக்கும் அந்த நிலத்தை யாரும் சோம்பேறி என்று சொல்வதில்லை.

எல்லோருக்கும் ஒரே விதமான விடுப்பும் கிடைப்பதில்லை. பெரியகுளத்தில் மே மாதம் நடக்கும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்காகக் கோடையில்தான் உச்சமாக உழைக்கும் பிள்ளைகள் உண்டு. அம்மாவோடு ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்தில் பகலைக் கழிக்கும் பிள்ளைகளும் உண்டு. தேனி நகரத்தில் கோடைக்கால முகாமுக்குப் பணம் கட்டிப் போகிறவர்களும், நாள் முழுக்கக் கைபேசியோடு வீட்டில் கிடப்பவர்களும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள். ஆகவே ஜூன் முதல் வாரத்தில் ஒரே வகுப்பில் உட்காரும் நாற்பது பேரும் நாற்பது இடத்திலிருந்து திரும்புகிறார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் மற்றவை புரியும்.

மூச்சு முதலில் போகிறது

உடம்பிலிருந்து தொடங்குவோம். அமெரிக்காவில் எட்வர்ட் காயில் குழுவினர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. நன்றாகப் பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களையும் மிதிவண்டி வீரர்களையும் 84 நாட்கள் பயிற்சியே இல்லாமல் இருக்கச் சொன்னார்கள். உடம்பு உச்சபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு முதல் மூன்று வாரத்தில் 7 விழுக்காடு குறைந்தது. எட்டு வாரத்தில் 16 விழுக்காடு குறைந்து, அங்கேயே நின்றுவிட்டது. 84 நாட்கள் கழித்தும் பயிற்சியே எடுக்காதவர்களைவிட அவர்கள் மேலான நிலையில்தான் இருந்தார்கள்.

குறைவு இவ்வளவு சீக்கிரம் தொடங்கக் காரணம் இரத்தம். தொடர்ந்து ஓடுகிறவர் உடம்பில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடியிருக்கும். ஓட்டத்தை நிறுத்தினால் முதலில் வடிவது அதுதான். இரத்தம் குறைய, இதயம் ஒரு துடிப்புக்கு அனுப்பும் அளவும் குறைகிறது. அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது, நமக்கு மூச்சு வாங்குகிறது. தசைக்குள் ஆக்சிஜனை எரிக்கும் ஏற்பாடுகள் அடுத்த வாரங்களில் மெல்லக் குறைகின்றன.

மைதானத்துப் பையனின் கவலையை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்கலாம். தமிழ்நாடு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். ஏப்ரலில் ஆறரை நிமிடத்தில் ஓடியவர் மூன்று வாரம் சும்மா இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். வேகமும் அதே 7 விழுக்காடு குறைந்தால், தோராயமாக அவருக்கு இப்போது 6 நிமிடம் 59 நொடி ஆகும். இழப்பு சிறியதுதான். அது வந்து நிற்கும் இடம்தான் கோட்டின் விளிம்பு. கடைசிச் சுற்றில் கைக்கடிகாரத்தைப் பார்த்து "எல்லாம் போச்சு" என்று தரையில் உட்கார்ந்துவிடும் தம்பிக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். உன்னிடம் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அப்படியே இருக்கிறது. போன அந்தக் கொஞ்சமும் முதலில் வடிந்த இரத்த நீர்தான். திரும்ப ஓடத் தொடங்கினால் முதலில் ஊறி வருவதும் அதுதான்.

முழுக்கப் படுத்துவிட்டால் கதை வேறு. 1966-இல் டல்லஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துச் சோதித்தார்கள். அவர்களுடைய உச்ச ஆக்சிஜன் அளவு கால் பங்குக்கும் மேல் சரிந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, ஐம்பது வயதில் அதே ஐந்து பேரையும் தேடிப்பிடித்து மறுபடி சோதித்தார்கள். இருபது வயதில் மூன்று வாரம் படுத்துக் கிடந்தது செய்த கெடுதலை முப்பது வருட முதுமை செய்திருக்கவில்லை. ஆறு மாத நிதானமான பயிற்சியில் அந்த முப்பது வருட இழப்பின் பெரும்பகுதியையும் மீட்டார்கள். இரண்டு பாடங்கள் இதில் இருக்கின்றன. விடுப்பில் தினமும் கண்மாய்க்கரை வரை நடந்துவிட்டு வந்தால்கூட அது வீண்போகாது. திரும்புவதற்குக் காலம் கடந்துவிட்டது என்று எந்த வயதிலும் சொல்ல வேண்டியதில்லை.

வலிமை நின்று போகிறது

மூச்சைவிடத் தசையின் வலிமை நிதானமாகத்தான் குறைகிறது. மூன்று நான்கு வாரம் எடை தூக்காவிட்டால் பெரிய மாற்றம் தெரியாது. பின்லாந்தின் யுவாஸ்கிலா பல்கலைக்கழகத்தார் 2024-இல் வெளியிட்ட ஆய்வு நம் கோடை விடுப்புக்கே அளவெடுத்ததுபோல் இருக்கிறது. ஒரு குழு இருபது வாரம் இடைவிடாமல் எடைப் பயிற்சி செய்தது. இன்னொரு குழு பத்து வாரம் செய்து, நடுவில் பத்து வாரம் முழுதாக விட்டுவிட்டு, மறுபடி பத்து வாரம் செய்தது. முடிவில் இரண்டு குழுவும் வலிமையிலும் தசை அளவிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றன. விட்டவர்கள் திரும்பி வந்த முதல் வாரங்களிலேயே இழந்ததை எட்டிப் பிடித்துவிட்டார்கள்.

தசைக்கு நினைவு உண்டு என்று பயிற்சியாளர்கள் சொல்வதற்கு ஓர் அடிப்படை இருக்கிறது. நார்வேயில் கிறிஸ்தியான் குண்டர்சன் குழுவினர் 2010-இல் எலிகளிடம் கண்டது இது: உழைப்பால் பெருக்கும்போது தசை இழைக்குள் புதிய உட்கருக்கள் சேர்கின்றன, தசை மெலிந்த பிறகும் அவை போய்விடுவதில்லை. மனிதர்களிடம் இது எந்த அளவு பொருந்தும் என்பதில் அறிஞர்களிடையே வாதம் நடக்கிறது. ஆனால் ஒருமுறை பழகிய தசை மறுமுறை விரைந்து தேறுகிறது என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. நரம்பு கற்ற பழக்கமும் அப்படித்தான். பத்து வருடம் மிதிவண்டி தொடாதவர் ஏறி உட்கார்ந்தால் இரண்டாவது தெருவில் நேராகப் போகிறார்.

பிறகு ஏன் இந்த மேலு வலி? ஜூலை வாக்கில் நடவு தொடங்கும்போது முதல் நாள் சேற்றில் குனிந்து நிமிர்ந்த பெண்கள், மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் படி இறங்க முடியாமல் தவிக்கிறார்கள். தசை நீண்டுகொண்டே சுமை தாங்கும்போது அதன் இழைகளில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. குனியும்போது பின்தொடையும் முதுகும், மலைச்சரிவில் இறங்கும்போது முன்தொடையும் படும் பாடு அது. உடம்பு அதைச் செப்பனிடும்போது வருவதே இந்த வலி. ஒரு நாள் வாக்கில் தொடங்கி, ஒரு வாரத்துக்குள் தணியும். லாக்டிக் அமிலம் தேங்கி நிற்பதால் வலி என்று பரவலாகச் சொல்வார்கள். அது தவறு. அந்த அமிலம் வேலை முடிந்த ஓரிரு மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து வடிந்துவிடும்.

இந்த வலியில் ஓர் அற்புதம் ஒளிந்திருக்கிறது. அதே வேலையை ஒரு வாரம் கழித்து மறுபடி செய்தால் வலி மிகவும் குறைந்திருக்கும். ஒரே அனுபவத்தில் தசை தன்னைக் காத்துக்கொள்ளக் கற்றுவிடுகிறது. எங்கள் தெருவில் நாற்பது வருடமாக நடவுக்குப் போகும் ஒரு அம்மா, புதிதாக வரும் பெண்களை முதல் நாள் நடு வயலுக்கு விடுவதில்லை. "மொத நாளு வரப்போரமா நில்லுத்தா. முடி எடுத்துப் போடு. நாளைக்கு நட்டுக்கிரலாம்" என்பார். நாற்று முடியைத் தூக்கி வீசுவதும் வேலைதான். ஆனால் இடைவிடாமல் குனிய வேண்டாம். விளையாட்டு விஞ்ஞானிகள் சோதனைக் கூடத்தில் கண்டுபிடித்ததை அவர் வரப்பில் நின்று நடைமுறைப்படுத்திக்கொண்டிருக்கிறார்.

ஆபத்து எங்கே

ஓய்வில் போனது திரும்பும் என்பதால் அலட்சியமாக இருக்கக் கூடாது. திரும்பும் வாரம் தனி ஆபத்துகள் கொண்டது.

முதலாவது வெப்பம். வெயிலில் உழைக்கப் பழகிய உடம்பு சீக்கிரம் வியர்க்கும், வியர்வையில் உப்பைச் சேமிக்கும், இரத்த நீரைப் பெருக்கிக்கொள்ளும். இந்தப் பழக்கம் வர ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகிறது. நிழலில் இருந்தால் நாளுக்குக் கொஞ்சமாகக் கழன்றுவிடுகிறது. அமெரிக்காவில் வேலையிடத்து வெப்பச் சாவுகளை ஆராய்ந்தபோது, இறந்தவர்களில் பெரும்பாலோர் வேலைக்குச் சேர்ந்த அல்லது திரும்பிய முதல் சில நாட்களில் இருந்தவர்கள் என்று தெரிந்தது. அதனால் அந்நாட்டுத் தொழில் நல ஆய்வு நிறுவனம் ஒரு படிக்கணக்கு வைத்திருக்கிறது. பழைய ஆள் விடுப்பு முடிந்து வந்தால் வெயில் வேலையை முதல் நாள் பாதி, இரண்டாம் நாள் 60 விழுக்காடு, மூன்றாம் நாள் 80, நான்காம் நாள்தான் முழுதாகத் தர வேண்டும். புது ஆளுக்கு முதல் நாள் 20 விழுக்காடு, பிறகு நாளுக்கு இருபது இருபதாகக் கூட்ட வேண்டும். நம் ஊரில் இதைக் கூர்ந்து கவனிக்க ஒரு காரணம் உண்டு. ஜூன் மாதக் காற்று வியர்வையை அப்போதைக்கப்போதே உலர்த்திவிடுகிறது. சட்டை நனையாததால் தண்ணீர் இழந்ததே தெரிவதில்லை. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருப்பவர் தலைசுற்றி விழுகிறார்.

இரண்டாவது, தசையைத் தாண்டிய சேதம். உற்சாகத்தில் முதல் நாளே இருநூறு தோப்புக்கரணம், முந்நூறு தண்டால் என்று போட்டால் தசை இழைகள் சிதைந்து, அதன் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கலாம். சிறுநீர் கட்டன்காபி நிறத்தில் போனால் அது மேலு வலி இல்லை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தண்டனை என்று பிள்ளைகளை நூற்றுக்கணக்கில் தோப்புக்கரணம் போடவைக்கும் பெரியவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, தசைநாண். தசை சில வாரத்தில் தேறினாலும், அதை எலும்போடு கட்டும் நாண் மெதுவாகத்தான் பலப்படும். 2011-இல் அமெரிக்கக் கால்பந்து அணிகளில் உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் தகராறு வந்து கோடை முழுதும் பயிற்சி நின்றுபோனது. கதவு திறந்ததும் ஒரேயடியாக முகாம் தொடங்கினார்கள். முதல் 12 நாளில் 10 வீரர்களுக்குக் குதிகால் நாண் அறுந்தது. உலகிலேயே அதிகச் சம்பளமும் மருத்துவ வசதியும் உள்ள வீரர்களுக்கே அந்தக் கதி என்றால், வெறுங்காலில் கட்டாந்தரையில் கபடி ஆடும் நம் பையன்களைப் பற்றி நாம் எவ்வளவு கவலைப்பட வேண்டும்!

நான்காவது, நடுவயதுக்காரரின் இதயம். 1993-இல் வெளியான ஓர் ஆய்வில், கடும் உழைப்பின்போதும் அதை ஒட்டிய ஒரு மணி நேரத்திலும் மாரடைப்பு வரும் வாய்ப்பைக் கணக்கிட்டார்கள். வாரம் ஐந்து நாளும் அதற்கு மேலும் உழைக்கிறவருக்கு அது சாதாரண நேரத்தைப்போல் சுமார் இரண்டரை மடங்கு. உழைப்பே இல்லாமல் இருந்துவிட்டுத் திடீரென்று இறங்குகிறவருக்கு நூறு மடங்குக்கு மேல். வருடத்தில் ஒரு நாள் மலைக்கோயிலுக்கு ஒரே மூச்சில் படியேறுவதில் உள்ள அபாயத்தை, வாரத்தில் நாலு நாள் நடக்கும் எளிய பழக்கம் பெருமளவு குறைத்துவிடுகிறது.

வாய்ப்பாடு எங்கே போனது

இனி மனம். பக்கத்து வீட்டுப் பாப்பா நான்காம் வகுப்புக்குப் போகிறாள். பள்ளி திறந்த அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து ஏழாம் வாய்ப்பாடு சொன்னாள். ஏழேழு நாற்பத்தொன்பது வரை ஓடி வந்தவள், ஏழெட்டு என்றதும் நின்றாள். கண் மேலே போனது. விரல் விட்டாள். "அம்பத்தி... நாலு?" உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது: "ரெண்டு மாசம் போனையே நோண்டிக்கிட்டு இருந்தா எப்படி வரும்?" பாப்பா வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்கு அவள் இழந்தது ஏழெட்டு மட்டும் இல்லை. மறுநாள் சொல்லிப் பார்க்கும் துணிச்சலையும் இழந்தாள்.

ஏழெட்டு எங்கும் போகவில்லை என்பதை ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-லேயே காட்டிவிட்டார். பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, நாள்கணக்கில் கழித்துத் தன்னையே சோதித்துக்கொண்டார். மறதி முதலில் செங்குத்தாக விழுகிறது, பிறகு மெல்லச் சரிகிறது. ஆனால் சுத்தமாக மறந்துவிட்டதாகத் தோன்றியதையும் மறுபடி படிக்கும்போது முதல்முறையைவிடக் குறைந்த நேரமே ஆனது. தசைக்குள் எஞ்சும் உட்கருவைப்போல மனத்துக்குள்ளும் ஏதோ எஞ்சி நிற்கிறது.

கோடை விடுப்பில் பள்ளிப் பாடம் எவ்வளவு குறைகிறது என்பதை ஹாரிஸ் கூப்பர் குழுவினர் 1996-இல் 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவு குறைவதாகவும், வாசிப்பைவிடக் கணக்கு அதிகம் அடிபடுவதாகவும் கண்டார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் கோடையில் வாசிப்பில் கொஞ்சம் முன்னேறவும் செய்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். காரணம் எளிது. கணக்கை வீட்டில் யாரும் போடுவதில்லை; புத்தகம் சில வீடுகளில் இருக்கிறது, பல வீடுகளில் இல்லை. பின்னால் வந்த ஆய்வாளர்கள், பால் வான் ஹிப்பல் போன்றவர்கள், பழைய தேர்வு முறைகளில் கோளாறு இருந்ததைச் சுட்டி, இழப்பின் அளவைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேச முடியாது என்று காட்டினார்கள். இரு தரப்பையும் படித்தபின் எனக்குப் படுவது இது: கோடை மறதி உண்டு, அது சிறியது, பிள்ளைக்குப் பிள்ளை மிகவும் வேறுபடுகிறது. அதனால் ஜூன் மாதம் வகுப்பு முழுவதையும் ஒரே அளவுகோலால் அளப்பது அநியாயம்.

பதினெட்டு மாதக் கோடை

இந்தக் கேள்விக்கு மிகப் பெரிய விடை தமிழ்நாட்டிலிருந்தே கிடைத்தது. யாரும் விரும்பிச் செய்யாத சோதனை அது. கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. 9 முதல் 12 வகுப்புகள் 2021 செப்டம்பர் 1-இல் திறந்தன. 1 முதல் 8 வகுப்புகளுக்கு நவம்பர் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ ஒன்றரை வருடம் நீண்ட விடுப்பு.

கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ ஆகிய பொருளியலாளர்கள் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளை வீட்டுக்கே போய்ச் சோதித்தார்கள். அதே ஊர்களில் 2019-இல் இருந்த அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். 2021 டிசம்பரில் இழப்பு மிகக் கடுமையாக இருந்தது. மொழியில் ஏற்பட்ட சரிவைப்போல் கணக்கில் இரண்டு மடங்கு. ஆனால் பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. ஒரு தலைமுறையே பாழாகிவிட்டது என்று பலர் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நம் பிள்ளைகள் ஓசையில்லாமல் செய்துகாட்டிய சாதனை அது.

மீட்சி தானாக நடக்கவில்லை. அதில் சுமார் கால் பங்கு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது என்று அந்த ஆய்வே கணக்கிட்டது. 2021 அக்டோபர் 27-இல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய திட்டம் அது. பள்ளி முடிந்த சாயங்காலங்களில், அந்தந்தத் தெருவைச் சேர்ந்த அக்காமார்களே திண்ணையிலும் சாவடியிலும் பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்கள். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளே அதில் அதிகம் கலந்துகொண்டார்கள் என்பதுதான் அதன் பெருமை. 2022 ஜூன் 13-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவர்கள் நிற்கும் படியில் வைத்தே கற்பிப்பது அதன் வழி. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பதாலேயே ஒரு குழந்தை மலராகிவிடாது. அரும்பாக இருந்தால் அரும்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். வயலில் முதல் நாள் வரப்போரமாக நிற்கச் சொல்லும் அந்த அம்மாவின் பாடமும் இதுதான்.

தூக்கம் என்னும் முதல் பாடம்

படிப்பைவிடவும் முன்னால் சரிசெய்ய வேண்டியது தூக்கம். விடுப்பில் பிள்ளைகள் நள்ளிரவு வரை விழித்து எட்டு ஒன்பது மணிக்கு எழுகிறார்கள். உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் அதற்கேற்பப் பின்னால் நகர்ந்துவிடுகிறது. பள்ளி திறந்த அன்று ஆறு மணிக்கு எழுப்பினால், அந்தக் கடிகாரப்படி அது நடுராத்திரி. முதல் வாரம் வகுப்பில் பிள்ளை மந்தமாக இருப்பதற்கு மறதியைவிட இதுவே பெரிய காரணமாக இருக்கலாம். கடிகாரம் நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். அதனால் பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே எழும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவந்து, எழுந்தவுடன் வெளி வெளிச்சத்தில் நிற்கவைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். நம் வீடுகளில் வாசல் தெளிக்கப் பிள்ளையை எழுப்பிவிடுவது அதற்குப் போதும்.

பெரியவர்களுக்கும் ஒரு சொல். விடுப்பு தந்த தெம்பு வேலைக்குத் திரும்பிய சில வாரத்திலேயே கரைந்துவிடுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. திரும்பிய முதல் நாளே தேங்கிய வேலை அத்தனையையும் முடிக்கப் பார்ப்பவருக்கு அது இன்னும் விரைவாகக் கரையும். வருடத்துக்கு ஒருமுறை வரும் நீண்ட விடுப்பை மட்டும் நம்பியிராமல், நாள்தோறும் கொஞ்சம், வாரம் ஒரு நாள் என்று ஓய்வைப் பிரித்து வைத்துக்கொள்வதுதான் வழி.

முதல் தண்ணீர்

முல்லைப் பெரியாறு அணையிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கின் முதல் போகத்துக்கு ஜூன் 1-இல் தண்ணீர் திறப்பது மரபு. பொறியாளர் பென்னிகுயிக் கட்டி 1895-இல் திறந்த அணை அது. லோயர்கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது. திறக்கும்போது பாசனத்துக்கு 200 கன அடி, குடிநீருக்கு 100 கன அடி என்றுதான் விடுகிறார்கள். அந்தத் தண்ணீர் முதலில் நாற்றங்காலுக்குப் போகிறது. கோடையில் காய்ந்து வெடித்த மண், தண்ணீரை முதலில் உறிஞ்சிக்கொள்கிறது. வாய்க்காலின் கடைமடைக்கு அது சேர நாளாகிறது. யாரும் பதறுவதில்லை. நாற்று வளர்ந்து, வயல் சேறாகி, அதன் பிறகே நடவு.

நிலத்துக்குக் கொடுக்கும் இந்த நிதானத்தை மனிதர்களுக்கும் கொடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். பயிற்சியாளர்களே, முதல் வாரம் பாதித் தூரம் ஓடவிடுங்கள், கடிகாரத்தைப் பையில் போட்டுவையுங்கள். தோட்டத்துக் கங்காணிகளே, விடுப்பு முடிந்து வந்தவருக்கு மூன்று நாள் நிழல் வேலை கொடுங்கள், தண்ணீர்க் குடத்தைப் பக்கத்தில் வையுங்கள். ஆசிரியர்களே, முதல் இரண்டு வாரம் புதுப் பாடத்தைத் திறக்காதீர்கள். போன வருடப் பாடத்திலிருந்து தினமும் ஐந்து கேள்வி கேளுங்கள், மதிப்பெண் போடாதீர்கள். படித்ததைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பதே நெடுநாள் நிற்கும் என்று உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் நிறுவினார்கள். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை என்று தெரிந்தால்தான் பிள்ளை வாயைத் திறக்கும்.

அந்தப் பாப்பாவின் வீட்டில் மறுநாள் அவளுடைய அப்பத்தா திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "எனக்குச் சொல்லுத்தா, நான் கேக்குறேன்" என்றார். ஏழெட்டு வந்ததும் பாப்பா தயங்கினாள். அப்பத்தா ஒன்றும் சொல்லாமல் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். பாப்பா ஏழேழு நாற்பத்தொன்பதுக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து ஏழு விரல் எண்ணி, அம்பத்தாறு என்றாள். நான்காம் நாள் விரல் தேவைப்படவில்லை. அடுத்த வாரம் எட்டாம் வாய்ப்பாடு கேட்டது.